கேட் மூடிய பிறகு உள்ளே இருந்தவர்கள்

எங்கே போவது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவல் போஹா சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முடிவு செய்துவிட்டோம். எங்கே தங்குவது என்பதற்குத்தான் பல வாரங்கள் இழுத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலம் அது. புனேயில், வானவடியில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். கணவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார். நான் கேம்ப் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க மராத்தியில் பேசிக்கொண்டிருப்பேன். மகளுக்கு ஏழு வயது. தமிழ் நன்றாகப் புரியும், பேச ஆரம்பித்தால் பாதியில் ஹிந்திக்குப் போய்விடுவாள். கொழுந்தன் வாகட் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் இருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஓரகத்தி பொள்ளாச்சிப் பெண். புனேக்கு வந்து ஆறேழு மாதம் ஆகியும் தமிழைத் தவிர வேறு பாஷை ஒட்டவில்லை. காய்காரரிடம் விரலால் காட்டித்தான் வாங்குவாள்.

மும்பை போகிற வழியில், மலை இறங்குகிற இடத்தில் ஒரு பெரிய தீம் பார்க் இருந்தது. மகளுடைய வகுப்பில் எல்லோரும் போய்விட்டு வந்துவிட்டார்களாம். ஐந்து பேரும் சனி, ஞாயிறு இரண்டு நாள் போய்வரலாம் என்றார் கொழுந்தன். பார்க்குக்கு உள்ளேயே ஒரு ஓட்டல் உண்டு. அதன் வழவழப்பான விளம்பரத் தாளை எங்கள் டீப்பாயில் விரித்துப் போட்டார்.

"அண்ணி, உள்ள தங்கினா ரெண்டு நாளும் நுழைவுக் கட்டணமே கிடையாது. காலையில பஸ் கூட்டம் வந்து சேர்றதுக்கு முன்னாடி நாம எல்லா ரைடும் முடிச்சுடலாம். பாப்பா நனைஞ்சா ரூமுக்கு ஓடிப் போய் டிரஸ் மாத்திக்கலாம்."

எனக்கு அதில் இஷ்டமில்லை. பார்க்கிலிருந்து கொஞ்ச தூரத்தில், மலைச்சரிவில், கணவருடைய அலுவலக நண்பர் ஒருவரின் பங்களா இருந்தது. சமையலுக்கு ஆள் உண்டு. வராந்தாவில் உட்கார்ந்தால் எதிரே அருவி. பார்க்கில் அலுத்துவிட்டால் நம் இஷ்டத்துக்கு வெளியே வந்துவிடலாம். சாயங்காலமானால் வெளியிலிருந்து பூட்டுகிற இடத்துக்குள் தூங்குவது என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொன்னபோது கொழுந்தன் சிரித்தார்.

"ஜெயிலா அண்ணி அது?"

கணவர் வழக்கம்போல, "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்று பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் இதே பேச்சுதான். பங்களாவுக்குப் போகிற மண்சாலை மழையில் எப்படியிருக்கும் என்பார் கொழுந்தன். ஓட்டல் சாப்பாடு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்பேன் நான்.

கடைசியில் முடிவு செய்தது ஓரகத்திதான். அவள் அதுவரை எங்கள் வீட்டில் எதற்கும் அபிப்பிராயம் சொன்னதில்லை. சட்னிக்கு உப்புப் போதுமா என்று கேட்டால்கூட "நீங்க சொல்லுங்கக்கா" என்பாள். அன்று அடுக்களையில் என்னோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல், "உள்ளயே தங்கிடலாம் அக்கா," என்றாள்.

"ஏம்மா, அவர் சொல்லச் சொன்னாரா?"

"இல்லக்கா. எனக்கே அப்படித் தோணுது. ஏன்னு சொல்லத் தெரியல."

புதுப் பெண் முதல்முறையாக வாய் திறந்து ஒன்று கேட்கிறாள். அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றே போன் செய்து பக்கத்துப் பக்கத்து அறைகளாக இரண்டு சொல்லிவைத்தோம்.

சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது புனேயில் வெறும் தூறல்தான். மலைப்பகுதி ஆரம்பித்ததும் மழை வலுத்தது. மேகம் சாலைமேலேயே இறங்கிவந்துவிட்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, லாரி தெரியவில்லை. கணவர் காரை ஊர்வதுபோல ஓட்டினார்.

பார்க் வாசலில் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்றன. கேட்டை ஒட்டிய கடையில் குழந்தைகளுக்கு மஞ்சள் ரெயின்கோட் விற்றார்கள். வந்த குழந்தைகள் அத்தனை பேரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். என் மகளுக்கும் ஒன்று வாங்கினோம். உள்ளே போனதும் கூட்டத்தில் எது நம்முடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முக்காடு போட்ட மஞ்சள் உருவங்கள் எங்கும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு தடவை வேறு யாருடைய பெண்ணையோ தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டேன். அப்புறம் என் மகளின் கையை விடவேயில்லை.

மத்தியானத்துக்குள் மேகம் முழுசாக இறங்கிவிட்டது. ராட்டினத்தின் மேல் பாதி காணாமல் போனது. தொட்டிகள் மேகத்துக்குள் காலியாகப் போய், காலியாகவே வெளியே வந்தன. பிறகு அதையும் நிறுத்தினார்கள். ஒவ்வொரு ரைடாக நின்றது. வந்த கூட்டம் ஈரத் துண்டுகளோடும் அழுகிற குழந்தைகளோடும் வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

நாங்கள் முதல் மாடியில் எங்கள் அறைக்கு வந்துவிட்டோம். பால்கனி பார்க்கைப் பார்த்தபடி இருந்தது. ஐந்து பேரும் அங்கேயே நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு டீயும் வெங்காய பஜ்ஜியும் சாப்பிட்டோம். மழையினால் மற்றவர்கள் வரவில்லைபோல, அந்த வரிசையில் எங்கள் இரண்டு அறைகளில் மட்டும்தான் ஆள் இருந்தது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. கடைசி பஸ் போனபின் பெரிய கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். இரும்பு உரசும் அந்தச் சத்தம் மேகத்துக்குள் வெகுநேரம் கேட்டதுபோல இருந்தது.

அதுவரை ஜனங்கள் இருந்த இடம் அது. ஆறு மணி இருக்கும், இன்னும் வெளிச்சம் இருந்தது. சாம்பல் நிற வெளிச்சம். குடைராட்டினத்துக் குதிரைகளுக்கு பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கட்டியிருந்தார்கள். காற்று அந்தத் தாள்களுக்குள் போய் உப்பி, பிறகு அடங்கியது. பார்க்கப் பார்க்க, அவை மூச்சு விடுவதாகவே பட்டது. நான் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். சறுக்குக் குழாய்களின் வாயிலிருந்து மழைத் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்த கொழுந்தன்கூடக் குரலைத் தணித்துக்கொண்டார்.

அப்போதுதான் எதிரே கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து அந்த அறிவிப்பு வந்தது.

ஒரு பெண் குரல். வயதான குரலில்லை, சின்னப் பெண்ணுடையதுமில்லை. ரயில் வருகிற நேரம் சொல்வதுபோல நிதானமாக இருந்தது. மஞ்சள் ரெயின்கோட் போட்ட ஒரு சிறுமி படகுக் குளத்தின் பக்கம் இருக்கிறாள், அவளைச் சேர்ந்தவர்கள் உடனே வரவும், என்றது.

என் கை தானாகப் பக்கத்தில் போனது. மகள் அங்கேதான் இருந்தாள். பஜ்ஜியைப் பிய்த்து வெங்காயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மஞ்சள் கோட் பால்கனிக் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஓரகத்தி முதலில் எழுந்தாள். "ஐயோ, குழந்தைய விட்டுட்டுப் போயிட்டாங்கக்கா!"

"ஆபீஸ்ல பாத்துப்பாங்க. அவங்கதானே சொல்றாங்க," என்றார் கணவர்.

அந்தக் குரல் மறுபடி வந்தது. அதே வார்த்தைகள், அதே நிதானம். யாரையும் அவசரப்படுத்தாத அந்தத் தொனியைக் கேட்டு நானும் எழுந்துவிட்டேன். வெளியே யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு? அவளைச் சேர்ந்தவர்கள் எந்த பஸ்ஸில் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்களோ. இந்த இடத்தில் இதைக் கேட்கக்கூடிய காது எங்கள் காது மட்டும்தான். அறையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். உயிரில்லை.

"நீங்க பாப்பாவோட இருங்க. நாங்க ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறோம்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். கொழுந்தனும் ஓரகத்தியும் கூட வந்தார்கள்.

கீழே வரவேற்பு மேஜையில் யாரும் இல்லை. நாங்கள் பார்க் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனோம். பகலில் கூட்டத்தோடு நடந்த அதே பாதைதான். ஆனால் எதுவும் அதனதன் இடத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று ஒரு பெரிய கோமாளி முகம் வரும், அதன் திறந்த வாய்க்குள் இருட்டாக இருக்கும். அதைத் தாண்டியதும் பின்னால் மேகம் மூடிக்கொள்ளும். ராட்டினம் எங்கேயோ மேலே இருந்து கிரீச்சிட்டது. ஓரகத்தி என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எந்தப் பக்கம்னு தெரியுமா அண்ணி?" என்றார் கொழுந்தன்.

"தெரியல."

"இப்படித்தான்," என்றாள் ஓரகத்தி.

நாங்கள் அன்று படகுக் குளத்தின் பக்கம் போகவேயில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் காட்டிய பக்கம் நடந்தோம். கொழுந்தன் கையைக் குவித்துக்கொண்டு ஹிந்தியில் கூப்பிட்டார். பதில் இல்லை. கொஞ்ச தூரத்தில் தண்ணீர்மேல் மழை விழுகிற சத்தம் கேட்டது. தரையில் விழுகிற மழைக்கும் தண்ணீரில் விழுகிற மழைக்கும் வித்தியாசம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு போனோம்.

குளம் வந்தது. அன்னப்பறவை வடிவத்தில் மிதிக்கிற படகுகள், ஓரமாக வரிசையாகக் கட்டியிருந்தன. எல்லாவற்றின் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஆள் யாரும் இல்லை, அறிவிப்புச் செய்தவரும் இல்லை, குழந்தையும் இல்லை.

"யாராவது வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க," என்றார் கொழுந்தன். அவர் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு திரும்பிவிடலாம் போலிருந்தது.

ஓரகத்தி மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்க ஒண்ணு தனியா போயிருக்கே," என்றாள்.

குளத்தின் நடுவில் ஒரு அன்னம் தனியாக மிதந்துகொண்டிருந்தது. மேகம் நகரும்போது தெரிந்தது, பிறகு மறைந்தது. மற்றவற்றைவிட அது தாழ்ந்திருந்தது. அதன் மார்பு வரை தண்ணீர். தார்ப்பாயின் ஒரு ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

நான் கத்தியது எனக்கே கேட்டது. கொழுந்தன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார். குளம் அவர் நெஞ்சளவுக்கு இருந்தது. சேற்றில் கால் மாட்டி மாட்டி அவர் போய்ச் சேர்வதற்குள் அந்தப் படகு இன்னும் கொஞ்சம் தாழ்ந்ததாகத் தோன்றியது. கத்தியதைக் கேட்டு ஒரு காவலாளி டார்ச்சோடு ஓடிவந்தார். என்ன, எப்படி, யார் உள்ளே விட்டது என்று மராத்தியில் கேட்டுக்கொண்டே அவரும் இறங்கினார். இரண்டு பேருமாகத் தார்ப்பாயை விலக்கி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

என் மகள் வயதுதான். உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கொழுந்தன் அவளை என் மடியில் கொடுத்தார். ஈரக்கோட்டைக் கழற்றிவிட்டு என் சேலையால் சுற்றித் தேய்த்தேன். முதலில் மராத்தியில் பேசினேன், பிறகு ஹிந்தியில். அசையவில்லை. ஓரகத்தி குனிந்து, "கண்ணு, குளிருதா?" என்றாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. "அம்மா பஸ்ல போயிட்டாங்க," என்றாள், தமிழில்.

அறைக்குக் கொண்டுவந்து, என் மகளுடைய உலர்ந்த துணியைப் போட்டு, சூடாகப் பால் கொடுத்தபின் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சிஞ்சுவட் பக்கம் ஒரு தொழிற்சாலை குவார்ட்டர்ஸ். அங்கிருந்து இரண்டு பஸ்ஸில் தமிழ்க் குடும்பங்களாக வந்திருக்கிறார்கள். மழை பெரிதாக வந்தபோது அவள் ஒரு படகின் தார்ப்பாய்க்குள் புகுந்துகொண்டாள். உள்ளே கதகதப்பாக இருந்ததால் தூங்கிப்போனாள். விழித்தபோது படகு கட்டவிழ்ந்து, சுற்றிலும் தண்ணீர், யாரும் இல்லை. கத்தினாள். கத்திக் கத்திக் குரல் போன பிறகு சும்மா இருந்தாளாம்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். நடுத்தர வயதுக்காரர், முகம் வெளுத்துப் போயிருந்தது. டாக்டருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறது என்றார். எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, நீங்கள் போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்றார்.

"நாங்க என்ன செஞ்சோம்? உங்க மைக்ல சொன்னதாலதான் போனோம். ஆனா சொல்லிட்டு உங்க ஆளுங்க யாரும் அங்க இல்லையே?" என்று நான் மராத்தியில் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"எந்த மைக்?" என்றார்.

சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார். போன மாதம் இடி விழுந்து அந்த இயந்திரம் எரிந்துபோனதிலிருந்து பார்க்கில் மைக்கே கிடையாது என்றார். சாமான் மும்பையிலிருந்து வரவேண்டுமாம். தவிர, அப்படி ஒரு குழந்தை இருப்பது தெரிந்திருந்தால் மைக்கில் சொல்லிக்கொண்டிருப்போமா, ஓடிப்போய்த் தூக்கியிருக்க மாட்டோமா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவர் போனபின் கொழுந்தன்தான் முதலில் பேசினார். கீழே பள்ளத்தாக்கில் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கே சொன்ன ஏதோ ஒன்றைக் காற்று கொண்டுவந்திருக்கும் என்றார்.

"ஸ்டேஷன்ல எதுக்கு மஞ்சள் ரெயின்கோட்டும் குளமும்?" என்றார் கணவர். "தெளிவா ஹிந்தியில சொன்னாளே."

"ஹிந்தியா?" என்றேன். "மராத்தியில்ல?"

கொழுந்தன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கிலீஷ்லதான் சொன்னாங்க," என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாதவள்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றாள். நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் அந்தக் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா புரிஞ்சுது?"

"தமிழ்லதானேக்கா சொன்னாங்க," என்றாள் அவள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் துவட்டுவதை நிறுத்திவிட்டாள். "நம்ம ஊர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரி இருந்துச்சு. யாரோ பொள்ளாச்சிக்காரங்க இங்க வேலையில இருக்காங்கன்னு நெனச்சேன்."

பால்கனிக் கதவு திறந்தே இருந்தது. கணவர் எழுந்து போய் அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

டாக்டர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் திரும்பி வந்துவிட்டது. இரண்டு பஸ்ஸும் சாலையோரக் கடையில் வடாபாவ் சாப்பிட நின்ற பிறகுதான் குழந்தை இல்லாதது தெரிந்திருக்கிறது. இந்த பஸ்ஸில் இருந்த அம்மா, குழந்தை அந்த பஸ்ஸில் அத்தையோடு இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். அத்தை அம்மாவோடு என்று நினைத்திருக்கிறாள். அந்த அம்மா மாடிப்படியில் ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் குழந்தையை எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அவளுடைய பாதங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகுதான் மடியில் எடுத்தாள்.

போகும்போது என் கையைப் பிடித்து, "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"சத்தம் கேட்டுச்சு," என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் மேகம் விலகி, நல்ல வெயில். கொழுந்தன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எங்கேயோ போய்விட்டு வந்தார். பால்கனிக்கு எதிரே கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கியைப் போய்ப் பார்த்திருக்கிறார். வயர் அறுந்து தொங்குகிறது என்று மட்டும் சொன்னார். திட்டப்படி அன்று நாங்கள்தான் முதலில் எல்லா ரைடிலும் ஏறியிருக்க வேண்டும். மகள் மட்டும் குடைராட்டினத்தில் ஒரு தடவை சுற்றினாள். தாளை எடுத்துவிட்டிருந்தார்கள், வர்ணம் பூசிய சாதாரண மரக்குதிரைகள்தான். பஸ்கள் வந்து சேர ஆரம்பித்தபோது நாங்கள் புறப்பட்டுவிட்டோம்.

வரும் வழியில் மகளிடம் கேட்டேன், நேற்று மைக்கில் பேசியதை நீ எந்தப் பாஷையில் கேட்டாய் என்று. அவள் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"யாரும் பேசல மம்மி. ஒரு பொண்ணு அழுதுச்சு. நீங்க எல்லாம் எழுந்தீங்க."

கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். குளம் எங்கள் பால்கனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

அந்தக் குடும்பத்தோடு சில வருஷங்கள் போக்குவரத்து இருந்தது. தீபாவளிக்கு வருவார்கள், அந்தப் பெண் என் மகளோடு மொட்டை மாடியில் விளையாடுவாள். பிறகு அவள் அப்பாவுக்கு ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த மாலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று யாரும் தீர்மானிக்கவில்லை, ஆனால் பேசுவதில்லை. கொழுந்தன் இப்போதும் அது ரயில் ஸ்டேஷன்தான் என்பார், யாராவது கேட்டால். ஓரகத்தி அதை மறுக்க மாட்டாள். புனேயில் இத்தனை வருஷம் இருந்து ஹிந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள், அந்தக் குரல் அன்று மூன்று தடவை சொன்னதாக. நாங்கள் எல்லோரும் கேட்டது இரண்டு தடவை. மூன்றாவது, படிக்கட்டில் இறங்கும்போது, இன்னும் மெல்லிசாக, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்லியதாம்.